வீட்டுப் புதையலை நாட்டுக்குக் கொடுத்த சுப்பராம தீட்சிதர்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் குத்தம்பாக்கம் வரும். அந்த ஊரில் ஒரு சிறுமி பிடில் கற்றுக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனை ஒன்றுக்கு அவளுக்குச் சுரம் வேண்டும். பாட்டு வாத்தியார் வருவதற்கோ இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அவள் என்ன செய்வாள்?

அப்பாவின் செல்போனை வாங்குவாள். இரண்டு தட்டுத் தட்டுவாள். 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் அச்சான ஒரு புத்தகத்தின் பக்கம் அவள் கண்முன் வந்து நிற்கும். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. யாருடைய சிபாரிசும் தேவை இல்லை.

இன்று இது சாதாரணம். ஆனால் அந்தப் பக்கத்தில் உள்ள இசை, ஒரு காலத்தில் ஒரே ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தது. பெட்டியில் பூட்டி வைத்த நகையைப் போல அதைக் காத்தார்கள்.

அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் ஊருக்குக் கொடுத்தவர் ஒரு 60 வயதுப் பெரியவர். அவர்தான் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதர்.

அவர் அதைக் கொடுத்த கதை சுவையானது. கொஞ்சம் கண்ணீரும் கலந்தது.

மணலிக்கு வந்த பிடில்

கதை, சுப்பராம தீட்சிதர் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது.

திருவாரூரில் ராமசாமி தீட்சிதர் என்ற பெரிய வித்துவான் இருந்தார். 1735-ல் பிறந்தவர். கச்சேரிகளில் இன்று அடிக்கடி கேட்கும் அம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவரே. அவருக்கு 3 ஆண் மக்கள். மூத்தவர் முத்துசாமி தீட்சிதர். அடுத்தவர் சின்னசாமி. கடைக்குட்டி பாலுசாமி, 1786-ல் பிறந்தவர்.

சென்னைக்கு வடக்கே உள்ள மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வர் இருந்தார். அவர் இந்தக் குடும்பத்தை அழைத்து ஆதரித்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் சின்னையா முதலியாரும் அந்த ஆதரவை விடவில்லை.

அப்போது சென்னையில் கும்பினிக்காரர்களின் ஆட்சி. புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் முழங்கும். முதலியாருக்குக் கோட்டையில் செல்வாக்கு உண்டு. அவர் தீட்சிதர் சகோதரர்களை அங்கே அழைத்துப் போனார்.

அண்ணன் முத்துசாமி தீட்சிதருக்கு அந்த மெட்டுகள் பிடித்துப்போயின. அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாடல்கள் எழுதினார். நொட்டுசுரம் என்று அவற்றுக்குப் பெயர். இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து மெட்டும் அதில் இருக்கிறது. அயர்லாந்துக்காரர்கள் பிடிலில் வாசித்து ஆடும் நடன மெட்டும் இருக்கிறது. சின்னக் குழந்தைகள் பாடுவதற்கு ஏற்ற எளிய பாட்டுகள் அவை.

தம்பி பாலுசாமியின் கண்ணோ, வெள்ளைக்காரர் கையில் இருந்த பிடில் மேல் விழுந்தது. அவருடைய ஆசையை முதலியார் அறிந்தார். ஒரு ஐரோப்பிய வாத்தியாரை அமர்த்தினார். பாலுசாமி 3 ஆண்டுகள் அவரிடம் பிடில் கற்றார்.

அதோடு அவர் நிற்கவில்லை. அந்தப் பிடிலில் நம் ராகங்களை வாசித்துப் பார்த்தார். சுரம் வழுக்கியது, குழைந்தது, மனிதர் பாடுவதைப் போலவே பேசியது! வெள்ளைக்காரர்கள் நின்றுகொண்டு, தோளில் சாய்த்து வாசித்த வாத்தியம் அது. நம் வித்துவான்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். பிடிலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசித்தார்கள். நம் பாட்டுக்கு ஏற்றபடி தந்திகளுக்குச் சுருதியும் மாற்றி வைத்தார்கள்.

முத்துசாமி தீட்சிதரின் சீடர்களான தஞ்சை நால்வரில் ஒருவர் வடிவேலு. அவரும் பிடிலில் பேர் பெற்றார். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள், 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் ஒன்றைப் பரிசளித்தார். கடல் கடந்து வந்த வாத்தியம், இரண்டே தலைமுறையில் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது!

எட்டயபுரத்தில் ஒரு வீடு

பாலுசாமி தீட்சிதரின் புகழ் தெற்கே பரவியது. எட்டயபுரம் மன்னர் அவரை அழைத்துத் தம் சமஸ்தான வித்துவான் ஆக்கிக்கொண்டார். இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஊர் அது. கரிசல் காடு. மழை குறைவு. ஆனால் அரண்மனையில் சங்கீதத்துக்கும் தமிழுக்கும் குறைவே கிடையாது.

முத்துசாமி தீட்சிதரும் தம்பியைத் தேடி அங்கே வந்தார். அவர் வரும் வழியில் பூமி காய்ந்து கிடந்ததாம். மனம் இரங்கி அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினாராம். மழை கொட்டியதாம். இன்றும் அந்தப் பக்கத்து மக்கள் சொல்லும் கதை இது.

1835-ஆம் ஆண்டு தீபாவளி நாளில் முத்துசாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானார். அவருடைய சமாதி அங்கேதான் இருக்கிறது.

அவர் போய்விட்டார். அவருடைய பாட்டுகள்? சில சீடர்களின் தொண்டையில் இருந்தன. பெரும்பகுதி தம்பி பாலுசாமியின் நெஞ்சில் இருந்தது. பாலுசாமிக்கோ ஆண் குழந்தை இல்லை. அவருக்குப் பிறகு யார்?

பேரனே மகன் ஆனான்

பாலுசாமியின் மகள் அன்னபூரணி. 1839-ல் அவளுக்குத் திருவாரூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பாலசுப்பிரமணியன் என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தைக்கு 5 வயது. தாத்தா பாலுசாமி அவனை எட்டயபுரத்துக்கு அழைத்து வந்தார். முறைப்படி சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பேரன், மகன் ஆனான். அவன்தான் சுப்பராமன்.

பையனுக்கு விளையாடும் வயது. தாத்தா விடவில்லை. சமஸ்கிருதமும் தெலுங்கும் படிக்க வைத்தார். வீணை கற்றுக் கொடுத்தார். பெரிய தாத்தா முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். முத்துசாமி தீட்சிதர் மறைந்து 4 ஆண்டு கழித்துப் பிறந்தவன் சுப்பராமன். அந்த மகானை அவன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவருடைய பாட்டு, தம்பியின் வாயிலிருந்து நேராக அவன் காதுக்கு வந்தது.

மன்னர் வைத்த பரீட்சை

சுப்பராமனுக்கு 17 வயது ஆயிற்று. தர்பார் ராகத்தில் ஒரு தான வர்ணம் இயற்றினார். அரண்மனையில் அதைப் பாடிக் காட்டினார்.

கேட்டவர்கள் வியந்தார்கள். கூடவே ஒரு சந்தேகமும் எழுந்தது. மீசை முளைக்காத பையன் இவ்வளவு அழகாகச் செய்வானா? தாத்தா செய்து கொடுத்ததைப் பேரன் பாடுகிறானோ?

சந்தேகத்தைத் தீர்க்க மன்னர் ஒரு வழி செய்தார். தாம் சொல்கிற ராகத்தில், தாம் சொல்கிற நிபந்தனைப்படி, ஒரு ஜதிசுரம் அமைக்க வேண்டும் என்றார். பையன் அஞ்சவில்லை. அமைத்துப் பாடினான். சபையில் இருந்த சந்தேகம் பனி போல் விலகியது.

மன்னர் பரிசளித்துக் கொண்டாடினார். 19 வயதிலேயே சுப்பராம தீட்சிதர் சமஸ்தான வித்துவான் ஆனார். 1858-ல் பாலுசாமி தீட்சிதர் கண்ணை மூடினார். தம் சொத்து தக்க கையில் சேர்ந்தது என்ற நிம்மதியோடு அவர் போயிருப்பார்.

பூட்டிய பெட்டி

அது என்ன சொத்து? நிலமா? நகையா? இல்லை. ஓலைச் சுவடிகள், கையெழுத்துப் பிரதிகள், அவற்றை எப்படிப் பாடுவது என்ற ஞானம். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் சங்கீதம் புத்தகத்தில் இருந்தது இல்லை. குருவின் வாயில் இருந்தது. சீடன் பல ஆண்டுகள் குருவின் வீட்டில் இருந்து பணிவிடை செய்வான். குரு மனம் இரங்கிச் சொல்லிக் கொடுப்பார். அருமையான உருப்படிகளைச் சொந்தப் பிள்ளைக்கு மட்டுமே சொல்லும் வித்துவான்களும் உண்டு.

அதற்குக் காரணமும் இருந்தது. பாட்டுதான் அவர்களுடைய பிழைப்பு. எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் வித்துவானுக்கு ஏது மதிப்பு? தெரியாதவர் கையில் போனால் பாட்டு உருக்குலைந்து போகாதா? இரண்டும் நியாயமான பயந்தான்.

ஆனால் பூட்டி வைத்ததால் வந்த நஷ்டமும் உண்டு. ஒரு வீட்டில் பிள்ளை இல்லை என்றால் பாட்டு அங்கேயே முடிந்தது. சுவடியைச் செல் அரித்தால் போனது போனதுதான்.

இந்தக் குடும்பத்திலேயே அது நடந்தது. ராமசாமி தீட்சிதர் 108 ராகங்களையும் 108 தாளங்களையும் கோத்து ஒரு மாபெரும் மாலை இயற்றியிருந்தார். உலகத்தில் அதைப் போல வேறு ஒன்று இருக்குமா என்பது சந்தேகம். அதில் இன்று நமக்குக் கிடைத்திருப்பது 61 பகுதிகள்தான். மீதி எங்கே? காற்றோடு போயிற்று. பேரனுக்குப் பேரன் தேடினாலும் கிடைக்காது.

கோட்டையிலிருந்து வந்தவர்

இந்த நேரத்தில் சென்னையில் ஒருவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஏ. எம். சின்னசாமி முதலியார்.

அவர் வித்துவான் அல்ல. எம். ஏ. படித்தவர். சென்னை அரசாங்கச் செயலகத்தில் சூப்பரிண்டெண்டு உத்தியோகம். கிறிஸ்தவர். தியாகராஜர், தீட்சிதர் பாட்டுகள் மேல் அவருக்கு உயிர். அந்தப் பெரியவர்களின் நேர்ச் சீடர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருவதைப் பார்த்தார். இவர்களும் போய்விட்டால் என்ன ஆகும் என்று பதறினார்.

வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர் தியாகராஜரின் பரம்பரையை நன்கு அறிந்தவர். அவரைப் பாடச் சொல்லிக் கேட்டு முதலியார் எழுதிக்கொண்டார். 1893-ல் அவற்றை அச்சிடவும் தொடங்கினார். ஐரோப்பியர் கோடு போட்டு எழுதும் முறையில் நம் பாட்டுகளை அச்சிட்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்பது அவர் எண்ணம்.

எண்ணம் பெரியது. ஆனால் நம் வித்துவான்களுக்கு அந்த ஐந்து கோட்டு எழுத்து தெரியாது. அது தெரிந்த வெள்ளைக்காரர்களுக்கோ நம் பாட்டு தெரியாது. புத்தகத்தை யார் வாங்குவார்கள்? முதலியாரின் கைப்பணம் கரைந்தது. இரவும் பகலும் நுணுக்கமான குறிகளைப் பார்த்துப் பார்த்துக் கண் பார்வையும் மங்கியது.

வேறு ஒருவராக இருந்தால் விட்டுவிட்டிருப்பார். முதலியார் விடவில்லை. முத்துசாமி தீட்சிதரின் பாட்டுகள் அவர் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தன. அவை சுத்தமாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் வீடு.

ஒரு வேண்டுகோள்

1899-ஆம் ஆண்டு. எட்டயபுரத்தில் வெங்கடேசுவர எட்டப்பர் பட்டத்துக்கு வந்தார். ஊரே விழாக்கோலம் பூண்டது. அந்த நேரத்தில் சின்னசாமி முதலியார் எட்டயபுரத்துக்கு வந்தார்.

மன்னரிடம் அவர் பொன்னோ பொருளோ கேட்கவில்லை. பதவி கேட்கவில்லை. சுப்பராம தீட்சிதர் அறிந்த பாட்டுகளை எல்லாம் சுரத்தோடு அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று மட்டும் வேண்டினார். தம்முடைய ஐரோப்பிய எழுத்தில் வேண்டாம், நம்மவர் படிக்கக்கூடிய தெலுங்கு எழுத்திலேயே வரட்டும் என்றார். அந்தக் காலத்துச் சங்கீத வித்துவான்களுக்குத் தெலுங்கு நன்கு தெரியும்.

தாம் பல ஆண்டு பாடுபட்ட முறையைத் தாமே ஒதுக்கிவிட்டு, அடுத்தவர் முறையில் வரட்டும் என்று சொல்ல எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பாட்டு நிலைக்க வேண்டும் என்று நினைத்தார்.

மன்னர் சுப்பராம தீட்சிதரைப் பார்த்தார்.

தீட்சிதர் முதலில் தயங்கினார் என்று சொல்வார்கள். தயங்காமல் இருக்க முடியுமா? மூன்று தலைமுறை காத்த சொத்து. அதைத் தெருவில் போகிறவர் எல்லாம் எடுத்துப் பாடும்படி கொடுப்பதா? தமக்கும் வயது 60. தம் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

ஆனால் எதிரே நின்றவரைப் பாருங்கள். அவர் தீட்சிதரின் குலமும் அல்ல, மதமும் அல்ல. தீட்சிதர் வீட்டுப் பாட்டுக்காகப் பணத்தை இழந்தவர், பார்வையை இழந்துகொண்டிருப்பவர். பிறத்தியார் ஒருவர் இவ்வளவு கொடுக்கும்போது, வீட்டுக்காரர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு இருக்கலாமா?

மன்னரும் வற்புறுத்தினார். தீட்சிதர் சம்மதித்தார்.

சுரத்துக்கு ஒரு சித்திரம்

வேலை தொடங்கியது. 60 வயதில், இளைஞர்களும் மலைக்கும் வேலை!

பாட்டின் சொற்களை எழுதுவது எளிது. ச, ரி, க, ம என்று சுரம் எழுதுவதும் முடியும். ஆனால் நம் சங்கீதத்தின் உயிர் அதில் இல்லை. சுரத்தை நட்ட கம்பு போல் நிறுத்திப் பாடினால் அது நம் பாட்டே அல்ல. சில சுரம் ஊஞ்சல் போல் ஆட வேண்டும். சில சுரம் மேலிருந்து சறுக்கி வர வேண்டும். சிலவற்றைத் தட்டி எழுப்ப வேண்டும். இதற்குத்தான் கமகம் என்று பெயர். கமகம் இல்லாத ராகம், உப்பு இல்லாத பண்டம்.

கையால் ஆட்டிக் காட்டலாம். வாயால் பாடிக் காட்டலாம். காகிதத்தில் எப்படிக் காட்டுவது?

தீட்சிதர் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குறி வைத்தார். ஆடும் கம்பிதத்துக்கு அலை போல் ஒரு கோடு. சறுக்கும் ஜாருவுக்குச் சாய்ந்த கோடு. நொக்கு, ரவை, ஒதுக்கல், ஒரிகை என்று மற்ற அசைவுகளுக்கும் தனித்தனிக் குறிகள். வீணையில் விரல் எப்படிப் போகும் என்பதை நன்கு அறிந்தவர் ஆனதால், அவரால் இது முடிந்தது.

அவர் வேலை செய்த அந்த ஆண்டுகளில், குரலைப் பதிந்து வைக்கும் கிராமபோன் நம் நாட்டில் அப்போதுதான் கால் வைத்தது. 1902-ல் கல்கத்தாவில் முதல் இசைத்தட்டுப் பதிவுகள் நடந்தன. அதுவும் ஒரு தட்டில் சில நிமிடப் பாட்டுதான் அடங்கும். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளைக் காக்க அன்று இருந்த ஒரே வழி, பேனாவும் அச்சும்தான்.

எட்டயபுரத்தில் சமஸ்தானத்தின் வித்தியா விலாசினி அச்சுக்கூடம் இருந்தது. அங்கே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட வேண்டும். சுரத்தின் மேலே ஒரு குறி, கீழே ஒரு புள்ளி. ஒரு புள்ளி இடம் மாறினால் மேல் சுரம் கீழ் சுரம் ஆகிவிடும். ஒரு கோடு விழுந்துவிட்டால் ராகமே மாறிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருத்த வேண்டியிருந்தது.

இப்படி ஆண்டுகள் ஓடின.

1904

1904-ல் புத்தகம் வெளிவந்தது. பெயர் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி. 1,700 பக்கங்கள் கொண்ட மாபெரும் நூல்.

அதில் என்ன இருக்கிறது? முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 229. பழைய கீதங்கள், வர்ணங்கள், மற்றப் பெரியவர்களின் பாடல்கள். 72 மேளங்களின் வரிசையில் ஒவ்வொரு ராகத்துக்கும் இலக்கணம். சங்கீதம் வளர்த்த 70-க்கும் மேற்பட்ட பெரியோரின் வரலாறு. தாத்தா ராமசாமி தீட்சிதரின் ராக மாலையில் மிஞ்சிய 61 பகுதிகளும் அதில் உண்டு. தம்மிடம் இருந்ததைத் தீட்சிதர் அள்ளிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் ஒரு துயரம். புத்தகம் முழுமையாக வெளிவந்ததைப் பார்க்கச் சின்னசாமி முதலியார் உயிரோடு இல்லை. எதற்காகப் பொருளையும் கண்ணையும் கொடுத்தாரோ, அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

அதே 1904-ல் பம்பாயிலிருந்து ஒரு வழக்கறிஞர் எட்டயபுரத்துக்கு வந்தார். அவர் பெயர் பாத்கண்டே. வடநாட்டு இசையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நாடெங்கும் அலைந்துகொண்டிருந்தவர். தீட்சிதர் அவரை அன்போடு வரவேற்றார். வேங்கடமகி என்ற பெரியவர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய சதுர்தண்டிப் பிரகாசிகை என்ற அரிய நூல் தீட்சிதரிடம் இருந்தது. அது பாத்கண்டேக்குக் கிடைக்கச் செய்தார்.

பாத்கண்டே வடநாட்டு ராகங்களை 10 தாட்டுகளாகப் பிரித்தார். இன்று வடக்கே சங்கீதம் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பத்தைத்தான் முதலில் படிக்கிறார்கள். அப்படிப் பிரிப்பதற்குத் தென்னாட்டு மேள முறை அவருக்குத் துணை செய்தது. ஒரு முறை திறந்த பெட்டி, வடக்குக்கும் வெளிச்சம் கொடுத்தது!

குழந்தைகளுக்கும் ஒரு புத்தகம்

பெரிய நூல் வித்துவான்களுக்கு. அப்படியானால் குழந்தைகளுக்கு? 1905-ல் தீட்சிதர் இன்னொரு நூல் வெளியிட்டார். அது முதல் பாடப் புத்தகம். கோட்டையில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் எழுதிய நொட்டுசுரப் பாட்டுகளை அதில் சேர்த்தார். அந்தப் பாட்டுகள் அழியாமல் நம் காலம் வரை வந்ததற்கு அந்தச் சிறிய புத்தகமும் ஒரு காரணம்.

1906-ல் சுப்பராம தீட்சிதர் காலமானார். கடைசிக் கடனையும் தீர்த்துவிட்டுப் போனவரைப் போலப் போய்விட்டார்.

எட்டயபுரத்தில் பிறந்த இளைஞர் ஒருவர் அப்போது சென்னையில் பத்திரிகைத் தொழிலில் இருந்தார். அவருக்கு வயது 23. தீட்சிதர் மறைந்த செய்தி கேட்டு மனம் கலங்கினார். இரங்கற்பா எழுதினார். அந்த இளைஞர் யார் தெரியுமா? மகாகவி சுப்பிரமணிய பாரதியார்!

காகிதம் கிழியும், பாட்டு கிழியாது

தீட்சிதரின் மகன் அம்பி தீட்சிதர். தம் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்ற பயம் தகப்பனாருக்கு இருந்திருக்கலாம். நடந்தது வேறு. பாட்டு புத்தகத்தில் வந்த பிறகு, அதைச் சரியாகப் பாடிக் காட்டும் குருவுக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து பலருக்குச் சொல்லிக் கொடுத்தார். டி. கே. பட்டம்மாள் அவரிடம் கற்றார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான டி. எல். வெங்கடராம அய்யரும் அவரிடம் கற்றார். அவர்கள் குரல் வழியாகத் தீட்சிதர் கீர்த்தனைகள் ஊரெங்கும் பரவின.

புத்தகமோ அருகிப்போனது. தெலுங்கு எழுத்து தெரியாதவர்கள் படிக்க முடியவில்லை. பழைய பிரதிகளின் தாள் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தது. சென்னை சங்கீத வித்வத் சபை இதைக் கண்டு முன்வந்தது. நூலைத் தமிழ் எழுத்தில் 5 பாகங்களாக வெளியிட்டது. 1961-ல் தொடங்கிய அந்த வேலை முடிய 1983 ஆயிற்று. தீட்சிதர் தனி ஆளாக எழுதியதைத் தமிழாக்கி அச்சிடவே 22 ஆண்டுகள் ஆயின என்றால், அவர் உழைப்பை அளந்துகொள்ளுங்கள்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள். சங்கீத ஆர்வலர்கள் கூடி, அதை ஆங்கில எழுத்திலும் மாற்றி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்தார்கள். தீட்சிதர் வைத்த அலைக்கோடும் சாய்ந்த கோடும் இப்போது உலகம் முழுவதும் திரையில் தெரிகின்றன.

இது நம் நாட்டில் மட்டும் நடக்கும் வேலை அல்ல. பிடில் பிறந்த ஐரோப்பாவிலும் நடக்கிறது. ஸ்காட்லாந்தில் பிடில் என்றால் ஊர்ச் சொத்து. கல்யாணம், ஆட்டம், பாட்டம் எல்லாவற்றுக்கும் பிடில் உண்டு. நீல் கோ என்ற பிடில்காரர் அங்கே பெரும் பேர் எடுத்தவர். 1727 முதல் 1807 வரை வாழ்ந்தவர். அவருடைய மெட்டுகளை அச்சிட்ட பழைய புத்தகங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. ஸ்காட் ஸ்கின்னர் என்ற இன்னொரு பிடில்காரர், சுப்பராம தீட்சிதருக்கு 4 வயது இளையவர். அவர் எழுதி வைத்த மெட்டுகளை அபர்டீன் பல்கலைக்கழகம் அதே போல் எல்லாருக்கும் திறந்துவிட்டது.

கடல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பாடந்தான். பாட்டைப் பூட்டி வைத்தால் ஒரு நாள் பெட்டியோடு போகும். பலர் கையில் கொடுத்தால் ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் வைத்திருப்பார்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. படம் பிடிக்க இயந்திரம் போதும். படம் பிடிப்பதற்கு ஒரு பக்கம் வேண்டுமே! அந்தப் பக்கத்தை எழுதி வைத்தவர் ஒரு மனிதர். எழுதச் சொல்லிக் கேட்டவரும் ஒரு மனிதர். ஒருவர் தம் குடும்பத்தின் தனிச்சொத்தை விட்டுக்கொடுத்தார். மற்றவர் தம் கண்ணையே கொடுத்தார்.

குத்தம்பாக்கத்துச் சிறுமி செல்போன் திரையைப் பார்த்து, வில்லை எடுத்துத் தந்தியில் வைக்கிறாள். மணலியில் பாலுசாமி கையில் எடுத்த அதே வாத்தியம். எட்டயபுரத்தில் பேரன் எழுதி வைத்த அதே சுரம். அலைக்கோடு வந்த இடத்தில் அவள் விரல் மெல்ல ஆடுகிறது.

முத்துசாமி தீட்சிதரின் பாட்டு மீண்டும் ஒரு வீட்டில் கேட்கிறது!